உத்தியோகத்தை விட்டுத் தறியிலே அமர நினைப்போருக்கு

 

நமது இளைஞர் பலரிடையே அண்மைக் காலமாக ஓர் எண்ணம் தலைதூக்கியிருப்பதை நாம் அவதானிக்கின்றோம். கணக்கியலோ முகாமைத்துவமோ கற்று, கொழும்பிலே ஒரு கம்பனியில் நல்ல பதவியும் பெற்று, ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னர், "இந்தக் கந்தோர் வாழ்க்கை போதும், என் கையால் ஒரு பொருளைச் செய்து விற்று வாழப்போகின்றேன்" என்று அவர்கள் வீட்டிலே சொல்லத் தொடங்குகின்றனர். ஒருவர் தோல் பை தைக்க விரும்புகின்றார். ஒரு சகோதரி துணியிலே பூவேலை செய்ய விரும்புகின்றார். இன்னொருவர் தம் பாட்டனார் கைவிட்ட நெசவுத் தறியை மீண்டும் பூட்ட விரும்புகின்றார். இதைக் கேட்ட வீடு இரண்டாகப் பிளவுபடுகின்றது. தாய் அழுகின்றார், தந்தை பேச்சை நிறுத்திவிடுகின்றார், பிள்ளையோ தன்னை விளங்கிக்கொள்வார் எவருமில்லை என்று ஒதுங்குகின்றான்.

இந்த இரு சாராரையும் ஒரே பாயில் அமர்த்திப் பேச வேண்டிய தேவை இருக்கின்றது. பேச்சு வெறும் பொதுப்படையாகப் போய்விடக் கூடாது என்பதற்காக நான் நெசவுத் தொழிலையே உதாரணமாக எடுத்துக்கொள்கின்றேன். அம்பாறை மாவட்டத்தின் மருதமுனையை அறியாத முஸ்லிம்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. அவ்வூரின் கைத்தறிச் சாறனை நம்மில் பலர் பெருநாளைக்கு உடுத்தியிருப்போம்.

கைத்தொழில் இழிவானதன்று என்பதை முதலிலே தெளிவுபடுத்திக்கொள்வோம். மனிதன் தன் கை உழைப்பால் உண்பதே மேலான உணவு என்றும், தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டு வந்தார்கள் என்றும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி அறிவிக்கின்றது. ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்ததை ஸஹீஹ் முஸ்லிம் கூறுகின்றது. நபி (ஸல்) அவர்களின் துணைவியாரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் கைவேலை செய்து, அதில் கிடைத்ததை ஏழைகளுக்கு ஈந்தார்கள். வக்பு பற்றிய சட்டங்களைத் தொகுத்த இமாம் அல்-கஸ்ஸாப் அவர்களின் பெயரின் பொருளே செருப்புத் தைப்பவர் என்பதாகும். அவர் அத்தொழிலால்தான் பிழைத்தார்.

இவை நாம் ஜும்ஆப் பிரசங்கங்களிலே அடிக்கடி கேட்கும் செய்திகள்தாம். ஆனால் தாவூத் நபியின் சரிதையிலே நாம் கவனியாது கடந்துவிடும் ஓர் இடமுண்டு. அவர்களுக்காக அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். உலகில் வேறெந்தக் கைவினைஞருக்கும் கிட்டாத வசதி அது. அப்படிக் கொடுத்த பின்னரும், கவசங்களைச் செய்யும்போது வளையங்களை அளவறிந்து கோக்கும்படி அவன் பணித்தான் என ஸூரா ஸபஃ எடுத்துரைக்கின்றது. இரும்பையே மெழுகாகப் பெற்றவருக்கு அளவு கட்டாயமாயிற்று. நூலையும் சாயத்தையும் கடைவிலைக்கு வாங்கப்போகின்ற நமது பிள்ளைகள் அளவு பார்க்காமல் பதவியைத் துறந்துவிடலாமா? இன்று நான் பேசவிருப்பது பெரும்பாலும் இந்த அளவைப் பற்றித்தான்.

"அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) அவர்கள் வெறுங்கையோடு மதீனா வந்து, சந்தைக்கு வழி கேட்டுச் சென்று செல்வந்தராகவில்லையா?" என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ஆம், ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தம் சொத்தில் பாதியையே தர முன்வந்தபோது, அதைப் பெறாமல் அவர்கள் சந்தையைத்தான் கேட்டார்கள். ஆயினும் அவர்கள் மக்காவிலேயே வியாபாரத்தில் தேறியவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மதீனாவிலே அவர்களுக்குப் புதிதாக இருந்தது சந்தை மட்டுமே. தொழில் புதிதாக இருக்கவில்லை. வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்றே தொடங்கினார்கள். தெரியாத தொழிலிலே துணிச்சலை மட்டும் நம்பி இறங்கியவருக்கு அவர்களை உதாரணமாகக் காட்டுவது பொருந்தாது.

ஆகவே, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். தறியிலே அமர்ந்தவுடன் சாறன் வந்துவிடுவதில்லை. நூலைச் சாயமிட்டு உலர்த்தி, கஞ்சி போட்டு, பாவு ஓட்டி, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்த பின்னரே நெய்தல் தொடங்குகின்றது. கையும் காலும் கண்ணும் ஒரே தாளத்துக்கு வரப் பல மாதங்கள் செல்லும். கரை நேராக வருவதற்கு இன்னும் அதிக காலம் வேண்டும். விடுமுறை நாட்களிலே ஒரு மூத்த நெசவாளரின் பக்கத்திலே அமர்ந்து பழகியவர், மூன்றாவது மாதத்திலேயே தமக்கு இது ஒத்துவருமா என்பதை அறிந்துகொள்வார். ஒத்துவராது என்று கண்டால் அவர் இழப்பது சில விடுமுறை நாட்களை மட்டுமே.

பாவு ஓட்டுதலைப் பற்றி ஒரு செய்தி. ஒரு சாறனுக்கென்று எவரும் பாவு ஓட்டுவதில்லை. பல சாறன்களுக்குரிய நீளத்தை ஒரே தடவையில் ஓட்டித் தறியிலே ஏற்றுகின்றனர். ஏற்றியதும் அத்தனை சாறன்களுக்கும் அடிநிறம் முடிவாகிவிடும். அந்த நிறம் விலைபோகவில்லையென்றால் உங்கள் மூலதனம் தறியிலேயே நூலாக நின்றுவிடும். கந்தோரிலே ஒரு கடதாசியில் பிழை விட்டால் அடுத்ததை எடுக்கின்றோம். இங்கு பிழையை முழுவதுமாக நெய்து முடிக்க வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். கைவினைத் தொழில் தொடங்கிய படித்த பிள்ளைகள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். அவர்களுள் கணக்காளரும் அடக்கம் என்பது விந்தையான செய்தி. பிறருடைய கம்பனிக்குச் சதக் கணக்குப் பார்த்தவர், தம் உழைப்புக்குக் கூலி போட மறந்துவிடுகின்றார். விளக்கத்துக்காக மட்டும் சில தொகைகளைச் சொல்கின்றேன். நீங்கள் நாளொன்றுக்கு ஒரு சாறன் நெய்கின்றீர்கள் எனக் கொள்வோம். விற்பனை விலை 3,500 ரூபா. நூலுக்கும் சாயத்துக்கும் 1,400 ரூபா. மீதி 2,100 ரூபாவைப் பார்த்து இலாபம் என்று மகிழ்கின்றீர்கள். ஆனால் கொழும்புக் கடைக்காரர் நூற்றுக்கு 30 கழிவு கேட்கின்றார். அது 1,050 ரூபா. உங்கள் கையில் நிற்பது 1,050 ரூபா. மாதத்திலே 25 நாட்கள் இடைவிடாது நெய்தாலும் 26,250 ரூபா. இதிலே மின்கட்டணம் இல்லை, போக்குவரத்து இல்லை, காய்ச்சலில் படுத்த நாள் இல்லை, பாவு ஓட்டச் சென்ற நாளும் இல்லை.

மறுபக்கத்தில் கைவிடப்படும் சம்பளத்தையும் முழுமையாக எண்ண வேண்டும். மாதம் 90,000 ரூபா பெறுபவருக்காக அவரது தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 வீதமும் சேர்த்து 13,500 ரூபாவை ஒவ்வொரு மாதமும் செலுத்துகின்றார். சம்பளத் துண்டிலே கைக்கு வந்த தொகையை மட்டும் பார்ப்பவர் இதைக் காண்பதில்லை.

"வேலையை விட்டதும் சேமலாப நிதியை எடுத்துத் தறி வாங்குவேன்" என்ற ஒரு திட்டத்தையும் கேள்விப்படுகின்றோம். வேலையை விட்டுவிட்டதனால் மட்டும் அந்நிதி கைக்கு வந்துவிடாது. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதும் பெண்களுக்கு 50 வயதும் ஆக வேண்டும்; திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண்கள் போன்ற சிலருக்கே விலக்குண்டு. நம்பிக்கை நிதியை வேலையிலிருந்து நீங்கியவர் கோரலாம். அதுவும் ஐந்தாண்டுக்கு ஒரு தடவை. 15 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனத்திலே ஐந்து ஆண்டுகளை நிறைவுசெய்தவருக்கு, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கிடைக்கும். நாலரை ஆண்டுகள் வேலை செய்தவர் இன்னும் ஆறு மாதங்கள் பொறுப்பாராயின் அப்பணமே நூல் வாங்க உதவும். பொறுமை என்பது தொழுகைக்கும் சோதனைக்கும் மட்டும் உரியதென்று எவர் சொன்னார்?

இதைக் கேட்டு, "பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே" என்று பெற்றார் மகிழ வேண்டாம். அவர்களுக்கும் சொல்ல வேண்டியதுண்டு.

பெற்றார்களே! பிள்ளை நெசவு செய்யப்போகின்றேன் என்றதும் உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது எது? "இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்பதுதானே. அதே பிள்ளை கட்டாரிலே ஒரு களஞ்சியசாலைக்கு எழுதுவினைஞனாகப் போவதென்றால், காணியை ஈடுவைத்தாயினும் முகவருக்குப் பணம் கட்ட முன்வருகின்றோம். நமக்கு அச்சம் நட்டத்தைப் பற்றியது மட்டுமன்று, ஊராரைப் பற்றியதும்தான். "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு "வங்கியிலே" என்று சொல்வது எளிது, "தறியிலே" என்று சொல்லும்போது தொண்டை அடைக்கின்றது. நெசவாளர் வீடுகளிலேயே, தம் பிள்ளை தறியில் அமரக்கூடாதென்று எண்ணும் தந்தையர் உள்ளனர். பழைய பிக்ஹு நூல்கள் சிலவற்றிலே திருமணப் பொருத்தம் பேசப்படும்போது தையற்காரருக்கு நெசவாளர் நிகராகார் என்றுகூட எழுதப்பட்டிருக்கின்றது. அது அக்கால ஊர் வழக்கையொட்டிய கணிப்பு. வழக்கு மாறினால் கணிப்பும் மாறும். அந்த வழக்கை இன்றும் கட்டிக்காப்பவர்கள் நாமேயன்றி வேறெவருமல்லர்.

கைத்தறி அழிந்துகொண்டிருக்கும் தொழில் என்ற வாதம் மட்டும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1977 இன் பின்னர் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டதும் மலிவான ஆலைத்துணி வந்து குவிந்தது. கைத்தறிகள் பல நின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது மருதமுனைக் கரையோரம் உயிர்களையும் வீடுகளையும் இழந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியபோது, இறக்குமதி செய்யப்படும் நூலையும் சாயத்தையும் நம்பிய நெசவாளர் திகைத்து நின்றனர். ஆனால் அதே நெருக்கடியிலே கொழும்புக் கம்பனிகளிலும் ஆட்கள் குறைக்கப்பட்டனர். எஞ்சியவர்களின் சம்பளம் பாதிப் பெறுமதி இழந்தது. உத்தியோகம் என்றால் நிலையானது என்ற நம்பிக்கைக்கும் அவ்வாண்டு ஒரு பதில் சொல்லிச் சென்றது.

கைத்தறியால் நிமிர்ந்தோர் இல்லாமலுமில்லை. குருநாகல் மாவட்டத்தின் வந்துராகலைக் கிராமத்திலே, சட்டத்தரணியாக இருந்த சாண்ட்ரா வந்துராகல என்ற பெண்மணி 1991 இல் தம் வீட்டை அண்டிச் சில கிராமப் பெண்களுடன் தொடங்கிய செலின் என்னும் கைத்தறி நிறுவனம் இன்று வெளிநாடுகளுக்கும் பொருள் அனுப்புகின்றது. அவர் ஆலைத்துணியோடு விலையிலே போட்டியிடவில்லை. கைத்தறிக்கென்றே வாங்குவோரைத் தேடிப் பிடித்தார். விலையிலே ஆலையை வெல்லக் கையால் ஒருபோதும் முடியாது. முயன்றால் உங்கள் கூலிதான் தேயும்.

ஆகவே பெற்றார்களே, தடுக்காதீர்கள், கணக்குக் கேளுங்கள். எத்தனை மாதங்களுக்கு வீட்டுச் செலவு கையில் இருக்கின்றது? இதுவரை எத்தனை சாறன்களை உறவினரல்லாதோர் பணம் கொடுத்து வாங்கினர்? வாங்கியவர் மீண்டும் வந்தாரா? இவற்றுக்குப் பிள்ளை பதில் சொல்வானாயின், அவனுக்கு ஓராண்டு அவகாசம் கொடுங்கள். பதிலில்லையாயின் அவனே இன்னும் ஆறு மாதம் பொறுக்கச் சம்மதிப்பான். மனைவி மக்கள் உள்ளவர் மேலும் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். தன் பராமரிப்பில் உள்ளோரைக் கைவிடுவதே ஒருவர் பாவியாவதற்குப் போதுமானது என்ற கருத்திலே நபிமொழி வந்திருக்கின்றது. "அல்லாஹ் தருவான்" என்று சொல்லிக் குழந்தையின் பால்மாவை நிறுத்துவது தவக்குல் ஆகாது.

மூலதனத்தைப் பற்றி: வட்டிக் கடனை நாடாதீர்கள் என்று இந்நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மாமாவிடமும் மச்சானிடமும் வாய்வார்த்தையாகப் பணம் பெற்று, அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று எவருக்கும் தெரியாத நிலையிலே தொழில் நடத்துவதும் ஆபத்தானதே. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதன்றோ! முளாரபா முறையில் ஒருவர் முதலிட்டால், இலாபத்தை ஒப்புக்கொண்ட விகிதத்தில் பகிர்வதும், நட்டம் வந்தால் பணம் முதலிட்டவருக்கும் உழைப்பு உழைத்தவருக்கும் வீணாவதும் ஷரீஅத்தின் விதி. இதை முதலிலேயே எழுதிக் கையெழுத்திட்ட குடும்பங்களிலே பெருநாள் விருந்து தடைப்படுவதில்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்திலே பதிந்துகொள்ளுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையையும் அணுகிப் பாருங்கள். அது 1982 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது.

வேலையை விட்டுச் செல்லும் விதத்திலும் அமானத் இருக்கின்றது. முன்னறிவித்தல் காலம் முடியும் வரை முழு மனத்தோடு வேலை செய்யுங்கள். கம்பனியின் வாடிக்கையாளர் பட்டியலைப் பிரதி எடுத்துச் செல்லாதீர்கள். கந்தோர் நேரத்திலே, கந்தோர்க் கணினியிலே உங்கள் சாறனின் படங்களை அனுப்பிக் கட்டளை பெறுவது, அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்தவரின் உரிமையை எடுப்பதாகும். ஹலாலான உழைப்பைத் தேடிப் புறப்படுபவர் முதல் முழத்தையே பிறருடைய நேரத்தில் நெய்வது முறையாகுமா?

பொருளைப் பற்றியும் அவ்வாறே. கட்டளைகள் அதிகமாகும்போது ஒரு சோதனை வரும். ஆலையிலே நெய்த துணி அதே நிறத்திலே பாதி விலைக்குக் கிடைக்கும். கைத்தறித் துணிகளுக்கிடையே அதையும் மடித்து வைத்தால் வாங்குபவருள் பலர் அறியமாட்டார். நபி (ஸல்) அவர்கள் சந்தையிலே ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள். அவர்கள் மேற்பரப்பைப் பார்த்துத் திரும்பிவிடவில்லை. இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. ஒரு துணியிலே குறையிருப்பதைச் சொல்லி விற்கும்படி தம் பங்காளியிடம் கொடுத்தனுப்பினார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அவ்விற்பனையில் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கரை சற்றுக் கோணிய சாறனைக் "கைவேலையின் அழகு" என்று பெயர் சூட்டி விற்பதற்கு முன், இந்நிகழ்ச்சியை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். கைவேலையின் இயல்பான வேறுபாடு ஒன்று, கவனக்குறைவு வேறொன்று. நெய்தவருக்கு அது எதுவென்று நன்றாகத் தெரியும்.

இன்னுமொன்று. "கையால் உழைத்து வாழப்போகின்றேன்" என்று புறப்படும் படித்த இளைஞர்கள் பலரின் தொழில் சற்று வளர்ந்ததும், நெய்வது வேறொருவர் கையாகிவிடுகின்றது. அதில் தவறில்லை, ஊரிலே வேலை பெருகுவது நன்மையே. ஆனால் கொழும்பிலே 6,000 ரூபாவுக்கு விற்கும் துணிக்கு, அதை நெய்த முதியவருக்கு என்ன கொடுக்கின்றோம்? சுவரிலே தொங்கும் படத்திலே அவருடைய சுருங்கிய கைகள் இருக்கின்றன. கணக்கேட்டிலே அவர் பெயருக்கு நேரே எவ்வளவு இருக்கின்றது? தார் சுற்றித் தரும் பெண்கள் வீட்டிலே இருந்தபடி வேலை செய்வதனால் அவர்கள் உழைப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை. அவர்கள் கேட்கவும் கூச்சப்படுவார்கள். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை நாம் அறிவோம். கடைக்காரர் மூன்று மாதம் கழித்தே பணம் தருவார் என்பது உங்களுக்கும் கடைக்காரருக்கும் உள்ள பேச்சு. தார் சுற்றிய தாய்க்கு அதில் பங்கில்லை. வியாழன் மாலை அவருக்குரியதை எடுத்து வைத்துவிட்டு, அதன்பின் மீதியை எண்ணத் தொடங்குங்கள்.